காரின் பானெட்டுக்கு அடியில் உள்ள விரிப்பு எதற்கு? கழற்றிவிட்டால் எஞ்சின் குளிருமா?

புதுதில்லி: கோடை வெயில் கடுமையாகும்போது கார் உரிமையாளர்கள் சிலர் தவறாமல் கேட்கும் அறிவுரை ஒன்று உண்டு. பானெட்டின் உட்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கும் கறுப்பு விரிப்பைக் கழற்றிவிட்டால் எஞ்சின் அதிகம் சூடாகாது என்பதே அது. மறுபுறம், அந்த விரிப்பு இல்லாத கார்களை வாங்கியவர்கள், உதிரிபாகக் கடைகளில் அதைத் தேடி வாங்கிப் பொருத்துகின்றனர். ஒருவர் தூக்கியெறிவதை மற்றொருவர் பணம் கொடுத்து வாங்குகிறார் என்றால், அதன் பயன் குறித்து இரு தரப்பினருக்கும் தெளிவு இல்லை என்றே கருத வேண்டியுள்ளது.

குழப்பத்துக்கு அதன் பெயரும் ஒரு காரணம். கடைகளில் இது ‘பானெட் இன்சுலேஷன்’ என்றும், இணைய விற்பனைத் தளங்களில் அமெரிக்க வழக்கப்படி ‘ஹுட் இன்சுலேஷன்’ என்றும் குறிப்பிடப்படுகிறது. இன்சுலேஷன் என்ற ஒரே சொல் தமிழில் இடத்துக்கேற்ப மின்காப்பு, வெப்பக்காப்பு, ஒலிக்காப்பு என மூன்றாகப் பிரியும். பானெட் விரிப்பைப் பொறுத்தவரை பலரும் வெப்பக்காப்பு என்றே பொருள் கொள்கின்றனர். ஆனால், அதன் முதன்மையான பணி ஒலியைக் குறைப்பதாகும்.

எஞ்சின் இயங்கும்போது அதன் ஒலி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. மேலே மெல்லிய இரும்புத் தகடாலான பானெட், பின்னே பயணிகள் அறையைப் பிரிக்கும் தடுப்பு, இரு பக்கங்களிலும் சக்கரங்களின் மேற்பகுதித் தகடுகள் என எஞ்சின் அறை ஏறக்குறைய ஓர் இரும்புப் பெட்டியாகும். அதற்குள் ஒலி மீண்டும் மீண்டும் எதிரொலித்து வலுப்பெறுகிறது. பானெட்டின் அடியில் நுண்துளைகள் நிறைந்த விரிப்பு இருந்தால், ஒலி அலைகள் அதன் இழைகளுக்குள் நுழைகின்றன. அங்கே அசையும் காற்று இழைகளோடு உராய்வதால், ஒலி ஆற்றலின் ஒரு பகுதி மிகச் சிறிய அளவு வெப்பமாக மாறி மறைந்துவிடுகிறது.

எல்லா ஒலிகளும் இவ்வாறு அடங்குவதில்லை. காற்றில் 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8.5 சென்டிமீட்டர் ஆகும். அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது சுமார் 2 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் விரிப்பு அந்த ஒலியை நன்கு உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த உறுமலின் அலைநீளமோ 3 மீட்டருக்கும் மேல். அதை இத்தகைய மெல்லிய விரிப்பால் தடுக்க இயலாது. எரிபொருள் செலுத்தும் இன்ஜெக்டர்களின் ‘டிக் டிக்’ ஓசையும், டீசல் எஞ்சினின் கடகடப்பும் குறையும். ஆழ்ந்த உறுமல் அப்படியே இருக்கும். விரிப்பை வாங்கிப் பொருத்திய பின்னர் பெரிய மாற்றம் இல்லை என்று சிலர் ஏமாற்றமடைவதற்கு இதுவே காரணம். ஒரே மாடலின் டீசல் வகையில் விரிப்பு இருக்க, பெட்ரோல் வகையில் அது விடுபட்டிருப்பதும் இதனாலேயே.

இந்த ஒலிக்குறைப்பால் காரில் அமர்ந்திருப்பவரைவிடச் சாலையோரம் நிற்பவருக்கே பயன் அதிகம் என்று கூறலாம். எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடையில் தனித் தடுப்பும், அதன் மீது வேறு காப்புப் படலங்களும் உள்ளன. வெளியே இருப்பவருக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. இந்தியாவில் ஓட்டுநர் உட்பட 9 பேருக்கு மிகாத இருக்கைகள் கொண்ட பயணிகள் வாகனங்களுக்கு, உற்பத்தி நிலையில் 74 டெசிபல் என்ற ஒலி வரம்பு 2005-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ஓடும் காரின் பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தொலைவில் ஒலிவாங்கியை வைத்து இது அளவிடப்படுகிறது. இவ்வரம்புக்குள் காரைக் கொண்டுவர நிறுவனங்கள் கையாளும் பல வழிகளில் பானெட் விரிப்பும் ஒன்று.

இனி, கோடைக்கால அறிவுரைக்கு வருவோம். எஞ்சினின் வெப்பம் பானெட் தகட்டின் வழியாக வெளியேறி எஞ்சின் குளிர்வதில்லை. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரங்களை இயக்கும் வேலையாக மாறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகையுடன் வெளியேறுகிறது; மற்றொரு பெரும்பகுதியைக் கூலன்ட் ரேடியேட்டருக்கு எடுத்துச் சென்று காற்றில் விடுகிறது. கூலன்டின் வெப்பநிலை 90 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும்படி தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்கிறது. 2016-ஆம் ஆண்டு மே மாதம் 51 டிகிரி வெப்பம் பதிவான ராஜஸ்தானின் பலோடியிலும், குளிர்காலத்தில் உறைநிலைக்கு வெகு கீழே செல்லும் லடாக்கின் திராஸிலும் கூலன்டின் இலக்கு ஏறக்குறைய ஒன்றுதான். எனவே, விரிப்பைக் கழற்றுவதால் எஞ்சின் குளிராது. எஞ்சின் உண்மையிலேயே அளவுக்கு மீறிச் சூடானால், கூலன்ட் அளவு, ரேடியேட்டர் விசிறி, தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவற்றையே மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். விரிப்பின் மீது பழியைப் போட்டுவிட்டுப் பழுதுடன் ஓட்டினால், சிலிண்டர் ஹெட் கேஸ்கட் வரை செலவு நீளக்கூடும்.

வெப்பம் தொடர்பாக விரிப்பு செய்யும் வேலை வேறு. அது பானெட்டின் வண்ணப்பூச்சைக் காக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் காரில் முன்புறக் காற்று எஞ்சின் அறை வழியாகப் பாய்ந்து வெளியேறும். காரை நிறுத்தியவுடன் அந்தக் காற்றோட்டம் நின்றுவிடுகிறது. ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போசார்ஜரும் அப்போதும் கொதிநிலையில் இருக்கும். அந்த வெப்பம் மேலெழுந்து பானெட்டைத் தாக்குகிறது. நேர் மேலே உள்ள பகுதி ஆண்டுக்கணக்கில் இவ்வாறு சூடாகிக் குளிர்ந்தால், அங்கு வண்ணம் மங்க வாய்ப்புண்டு. விபத்துக்குப் பின் பட்டறையில் மறுபூச்சு செய்யப்பட்ட பானெட்டுகளில் இந்த வாய்ப்பு கூடுதல். சில கார்களின் விரிப்பில் டர்போசார்ஜருக்கு நேர் மேலே மட்டும் அலுமினியத் தகடு இருப்பது, வெப்பக் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புவதற்காகவே.

விரிப்பு குறித்துப் பரவலாகக் கூறப்படும் மற்றொரு கருத்து, தீ தொடர்பானது. எஞ்சினில் தீப்பிடித்தால் அதைத் தாங்கியிருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் உருகி, விரிப்பு எஞ்சின் மீது விழுந்து தீயை அணைத்துவிடும் என்பது அக்கருத்து. கிளிப்புகள் உருகக்கூடியவை என்பது உண்மை. ஆனால் எரிபொருள் கசிவாலோ மின்கம்பிக் கோளாறாலோ ஏற்படும் தீ, எஞ்சினின் பக்கவாட்டிலும் அடியிலும் எரியக்கூடியது. மேலே விழும் ஒரு துண்டு அதை அணைக்கும் என்று நம்பியிருப்பது ஆபத்தானது. பானெட்டின் இடுக்கில் புகை வந்தால், வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, அனைவரும் இறங்கித் தொலைவில் சென்று 112 அல்லது 101 எண்ணை அழைக்க வேண்டும். பானெட்டைத் திறந்து பார்க்கக் கூடாது. திறந்தால் உள்ளே காற்று புகுந்து தீ பெரிதாகும்.

தரமான விரிப்புகள் கண்ணாடி இழை, பிசினால் இறுகச் செய்த பருத்தி இழை அல்லது எளிதில் தீப்பற்றாதபடி பதப்படுத்திய நுரைப்பொருள் ஆகியவற்றால் தயாரிக்கப்படுகின்றன. அளவாக வெட்டி ஒட்டப்படும் மலிவான சாதாரண நுரை விரிப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நல்ல விரிப்பேயானாலும், எஞ்சின் ஆயிலோ டீசலோ ஊறிவிட்டால் அது திரிபோல ஆகிவிடும். அதை மாற்றுவதே முறை. கிளிப்புகள் விடுபட்டு ஒரு முனை தொங்கினால், அது சூடான மேனிஃபோல்டையோ சுழலும் பெல்ட்டையோ தொடக்கூடும். சில ரூபாய் மதிப்புள்ள கிளிப்பை உடனே மாற்றினால் இந்த அபாயம் நீங்கும்.

குளிர்காலத்தில், குறிப்பாக வட மாநிலங்களில், எலிகள் வெப்பம் தேடி எஞ்சின் அறைக்குள் புகுவது வழக்கம். விரிப்பின் இழைகள் அவற்றுக்குக் கூடு கட்டும் பஞ்சாகின்றன. விரிப்பில் கடித்த ஓட்டையோ, எஞ்சின் மீது பஞ்சுத் துணுக்குகளோ தென்பட்டால், மின்கம்பிகளையும் அவை கடித்திருக்கின்றனவா என்று காரை இயக்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். கூட்டை அகற்றாமல் ஓட்டினால், உலர்ந்த பஞ்சும் சருகும் சூடான குழாயின் மீது விழுந்து தீப்பற்றக்கூடும். கண்ணாடி இழை விரிப்பைக் கையாளும்போது கையுறையும் முகக்கவசமும் தேவை. அதன் துகள்கள் தோலில் பட்டால் அரிப்பு ஏற்படும்.

எஞ்சினே இல்லாத மின்சார கார்களிலும் பானெட்டுக்கு அடியில் இத்தகைய விரிப்பைக் காண முடிகிறது. மோட்டாரும், அதற்கு மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரும், ஏ.சி. கம்ப்ரஸரும் எழுப்பும் ஒலி மெல்லியதெனினும் கீச்சென்று உயர்ந்த சுருதியில் இருக்கும். எஞ்சினின் உறுமல் இல்லாத அமைதியில் அது தெளிவாகக் காதில் விழுகிறது. மெல்லிய விரிப்பு நன்கு உறிஞ்சுவதும் அத்தகைய உயர்சுருதி ஒலியையே.