படுக்கையருகே – 9: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

கை கழுவுவதைப் பற்றிப் போன வாரமே போதுமான அளவு பேசிவிட்டோம். இந்த வாரம் மருந்து கொடுக்கும்முன் நர்ஸ் சரிபார்க்கும் ஐந்து விஷயங்களைச் சொல்வதாக இருந்தேன். ஆனால் ஸ்டோக் மாண்டவில் பற்றிப் படித்த பிறகு வேறெதையும் எழுத மனம் வரவில்லை.

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷரில் உள்ள மருத்துவமனை அது. 1944 பிப்ரவரியில், முதுகுத்தண்டில் அடிபட்ட போர்வீரர்களுக்காக அங்கே தனிப் பிரிவு தொடங்கினார்கள். பொறுப்பேற்றவர் லுட்விக் குட்மன், நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் குடும்பத்தோடு வந்த யூத நரம்பியல் மருத்துவர். இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனவர் அதிக நாள் தாங்கமாட்டார் என்றே மருத்துவர்களும் அப்போது நம்பினார்கள். குண்டுக்குத் தப்பியவர்களைப் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் கொண்டுபோயின.

பகலோ இரவோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னார் குட்மன். சொன்னது நடக்கிறதா என்று பார்க்க இரவில் அவரே வார்டுக்கு வந்துவிடுவார். புண்கள் ஆறின. ஆறியவர்களை உட்காரவைத்தார், உட்கார்ந்தவர்கள் கையில் வில்லைக் கொடுத்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் அந்த மருத்துவமனை வளாகத்தில் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். பாராலிம்பிக்ஸ் அங்கிருந்து வளர்ந்ததுதான். 2016இல் ரியோவில் நம் மாரியப்பன் உயரம் தாண்டித் தங்கம் வென்றாரே, அந்தப் போட்டிகளுக்குப் பின்னால் ராத்திரி டூட்டியில் நோயாளிகளைப் புரட்டிவிட்ட கைகள் இருக்கின்றன!

நாம் தூக்கத்திலும் புரண்டுகொண்டே இருக்கிறோம். புரள முடியாதவருக்கு வால் எலும்பு, குதிகால், இடுப்பு, பின்மண்டை ஆகிய இடங்களில் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்கவில்லை என்றால் சேதம் தொடங்கிவிட்டது. நம்மைப் போன்ற மாநிற, கறுப்புத் தோலில் இந்தச் சிவப்பு கண்ணில் படாமலே போகலாம். அதனால் சூடு, கெட்டிப்பு, வலி இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. நோயாளியை மேலே நகர்த்தும்போது இழுக்கவும் கூடாது, தோல் உரியும். இரண்டு பேராக விரிப்போடு சேர்த்துத் தூக்க வேண்டும்.

யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டியே கணிக்க வழி தந்தவர் ஒரு நர்ஸ் என்பதை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். பிரிட்டனைச் சேர்ந்த டோரீன் நார்டன், முதியோர் வார்டுகளில் சக ஆய்வாளர்களுடன் செய்த ஆய்வை 1962இல் வெளியிட்டார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலஜலக் கட்டுப்பாடு என்ற ஐந்துக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டினால் 14 அல்லது அதற்கும் கீழே வருகிறவருக்கு ஆபத்து அதிகம். படுக்கையருகே நின்று, எந்தக் கருவியும் இல்லாமல், ஓரிரு நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது.

மருந்து அடுத்த வாரம். அந்த ஐந்தில் முதலாவதான ‘சரியான நோயாளி’யிலிருந்து, அதாவது மணிக்கட்டில் கட்டியிருக்கும் பெயர்ப்பட்டையை நர்ஸ் ஒவ்வொரு முறையும் ஏன் படிக்கிறார் என்பதிலிருந்து தொடங்குவோம்.