உங்களுக்குத் தெரியுமா?

2012-இல் விற்பனைக்கு வந்த ரேடியான் ஹெச்டி 7970 கிராபிக்ஸ் கார்டு, 2020-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3090-ஐ ஒரு வேலையில் முந்திவிடும்!

● அந்த வேலை, 64 பிட் ‘இரட்டைத் துல்லிய’க் கணக்கு. நொடிக்குப் பழைய கார்டு சுமார் 95,000 கோடி கணக்குகள் போடும். புதியது சுமார் 56,000 கோடிதான்.

● வீடியோ கேமுக்கு 32 பிட் போதும். அதனால் 3090-இல் 64 பிட் வேகம், 32 பிட் வேகத்தில் 64-இல் ஒரு பங்கு. 7970-இல் நாலில் ஒரு பங்கு.

● வீட்டுக் கணினிகளை அறிவியலுக்கு இரவல் வாங்கும் திட்டங்களில் இந்த வித்தியாசம் பெரிது. பால்வெளியை ஆராய்ந்த மில்கிவே அட் ஹோம், கிராபிக்ஸ் கார்டில் 64 பிட் கேட்டது. புரதங்கள் மடிவதை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோமுக்குப் பெரும்பாலும் 32 பிட். அங்கே இந்த இரண்டில் 3090-தான் ராஜா.

● அந்த ஃபோல்டிங் அட் ஹோம்தான், 2020 மார்ச்சில், கொரோனா ஆய்வுக்குத் திரண்ட தன்னார்வலர்களின் கணினிகளால் உலகிலேயே முதலில் எக்ஸாஃபிளாப் என்ற மாபெரும் கணக்கிடும் வேகத்தைத் தாண்டியது.

கார்டு வாங்கும் முன் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். மின் கட்டணத்தையும் பாருங்கள்: 3090 முழு வேகத்தில் 350 வாட் இழுக்கும்.