பீரங்கி முழங்கியது, தளபதிக்குக் கேட்கவில்லை!

1862 அக்டோபர் 8, பிற்பகல் 2 மணி. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெரிவில் என்ற சிற்றூர். ஊருக்கு வெளியே துப்பாக்கிகளும் பீரங்கிகளும் ஓயாமல் முழங்குகின்றன. சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி ஒரு வீட்டில் இருக்கிறார் வடக்குப் படையின் தளபதி டான் கார்லோஸ் பியூயல். முந்தின நாள் குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டதால் அவரால் சவாரி செய்ய முடியவில்லை. அவர் காதில் விழுவதெல்லாம் அவ்வப்போது சில பீரங்கிச் சத்தம் மட்டுமே. பெரிய சண்டை நாளைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். 4 மணி வாக்கில் ஒருவர் குதிரையில் பாய்ந்து வந்து உதவி கேட்டபோதுதான், தன் படையின் இடப்பக்கம் நிலைகுலைந்து போயிருப்பது அவருக்குத் தெரிந்தது.

காதில் கோளாறா? இல்லவே இல்லை. சத்தம்தான் அவர் இருந்த பக்கம் வரவில்லை.

இது 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர். அப்போது அந்நாட்டில் ஏறக்குறைய 40 லட்சம் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். அந்த அநியாயத்தை விடமாட்டோம் என்று தெற்கே 11 மாநிலங்கள் பிரிந்துபோயின. வடக்கு அதை ஏற்கவில்லை. போர் மூண்டது.

1862-ல் கென்டக்கியில் கடும் வறட்சி. ஓடைகள் வற்றி, அங்கங்கே குட்டையாகத் தேங்கிய தண்ணீர்தான் மிச்சம். பெரிவில்லில் அன்றைய முதல் மோதல், பொழுது விடியும் முன்பே அந்தக் குட்டைகளுக்காகத்தான் நடந்தது. மாலைக்குள் இரு தரப்பிலும் சேர்த்து 7,000 பேருக்கு மேல் செத்தோ, காயப்பட்டோ, காணாமலோ போனார்கள். ஊரில் இருந்ததோ சில நூறு பேர். அவர்கள் வீடுகளும் தேவாலயங்களும் ஒரே நாளில் மருத்துவமனைகளாயின. ஹென்றி பாட்டம் என்ற விவசாயியின் நிலத்தில்தான் சண்டையின் பெரும்பகுதி நடந்தது. அவருடைய களஞ்சியம் எரிந்துபோனது. புதைக்க ஆளில்லாமல் கிடந்த தெற்குப் படையினரின் உடல்களை, அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து பிறகு அடக்கம் செய்தவரும் அவரே.

சரி, சத்தம் எங்கே போயிற்று?

காற்றில் ஒலியின் வேகம், 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நொடிக்குச் சுமார் 343 மீட்டர். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் வேகமும் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். இத்தனூண்டு வித்தியாசம் என்ன செய்துவிடும் என்கிறீர்களா? பள்ளி மைதானத்தில் பத்துப் பேர் கைகோத்து வரிசையாக நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் இருப்பவர் மட்டும் வேகமாக நடந்தால், வரிசையே மெதுவாக நடப்பவர் பக்கம் திரும்பிவிடும். ஒலி அலையும் அப்படித்தான் திரும்பும். பகல் வெயிலில் தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே குளிர்ச்சியாகவும் இருக்கும். அலையின் அடிப்பகுதி முந்தும். அலை மேல்நோக்கி வளையும். தூரத்தில் நிற்பவரின் தலைக்கு மேலே சத்தம் பறந்துபோய்விடும்! இதற்கு ஒலி விலகல் என்று பெயர். சத்தம் எட்டாத அந்த இடம் ஒலி நிழல். இரவில் தரை குளிர்ந்ததும் எல்லாம் தலைகீழ். அதனால்தான் தொலைவில் போகும் ரயிலின் சத்தம் இரவில் நன்றாகக் கேட்கிறது.

வீசும் காற்றும் இதே வேலையைச் செய்யும். "காற்று சத்தத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது" என்று பெரியவர்கள்கூடச் சொல்வார்கள். ஆனால் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று என்பது நொடிக்கு வெறும் 10 மீட்டர். 343-க்கு முன்னால் அது எம்மாத்திரம்? உண்மையான காரணம் வேறு. தரையருகே மரமும் புதரும் காற்றைத் தடுக்கின்றன. உயரப் போகப்போகக் காற்று வலுக்கிறது. எதிர்க்காற்றில் போகும் ஒலியின் மேல்பகுதி அதிகம் தாமதமாவதால் அலை மேலே வளைகிறது. காற்றோடு போகும் ஒலி கீழே வளைந்து நம் காதுக்கு வந்துவிடுகிறது.

பெரிவில்லில் சத்தத்தைத் தடுக்க நடுவே குன்றுகளும் இருந்தன. பெரிவில் சண்டைக்கு மூன்று வாரம் முன்பு மிசிசிப்பியின் ஐயுகாவில் சத்தத்தை மறைத்தது முக்கியமாகக் காற்றுதான். வடக்குத் தளபதி ரோஸ்க்ரான்ஸின் பீரங்கிச் சத்தம் கேட்டதும் மறுபக்கத்திலிருந்து இன்னொரு வடக்குத் தளபதி ஆர்டின் படை தாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. காற்று எதிர்த்திசையில் பலமாக வீசியது. ஆர்டுக்கும் கேட்கவில்லை, மேலதிகாரி கிராண்டுக்கும் கேட்கவில்லை. நடுவில் சிக்கியிருக்க வேண்டிய தெற்குப் படை இரவோடு இரவாகத் தப்பிவிட்டது.

அதே ஆண்டு மே 31-ல், ரிச்மண்ட் அருகே செவன் பைன்ஸில், தெற்குத் தளபதி ஜோசப் ஜான்ஸ்டனும் சில கிலோமீட்டர் தொலைவில் நடந்த சண்டை கேட்காமல் காத்திருந்தார். தாமதமாகக் களத்துக்குப் போய், அன்று மாலையே படுகாயமடைந்தார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் ராபர்ட் லீ. அதன்பின் போர் இன்னும் மூன்று ஆண்டுகள் இழுத்தது.

வேடிக்கை என்னவென்றால், காற்று ஒலியை எப்படி வளைக்கிறது என்பதை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் 1857-லேயே அயர்லாந்தின் டப்ளினில் விளக்கியிருந்தார். தளபதிகளில் யார் அதைப் படித்தார்கள்! நீங்கள் சோதித்துப் பார்க்கலாம். நல்ல காற்றடிக்கும் நாளில், திறந்த மைதானத்தின் நடுவில் ஒருவர் தகர டப்பாவைத் தட்டட்டும். காற்று வரும் பக்கம் ஒருவரும் போகும் பக்கம் ஒருவரும் சம தூரத்தில் நின்று, மெல்ல மெல்லப் பின்னால் நகருங்கள். யாருக்கு முதலில் சத்தம் மங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அவரையே ஒரு மேசைமேல் ஏறி நின்று கேட்கச் சொல்லுங்கள்.