வரிச்சீட்டில் இருந்த பெயர்

1896 ஆகஸ்டில் மணிலாவுக்கு வெளியே ஆந்த்ரேஸ் போனிஃபாசியோவைச் சுற்றிக் கூடியிருந்த, ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த கதிபுனான் இயக்கத்தார் ஆளுக்கொரு சீட்டை எடுத்துக் கிழித்துப் போட்டார்கள். அதன் பெயர் செதுலா. ஸ்பானிய அரசுக்கு வரி கட்டியதற்கான அத்தாட்சி அது. அதைக் கையில் வைத்திருக்காமல் நடமாட முடியாது. பிலிப்பைன்ஸ் புரட்சி அந்தக் கிழிசலில் தொடங்கியது. ஏன் முதலில் வரிச்சீட்டு என்று கேட்டால், முந்நூறு வருடக் கணக்கைப் புரட்ட வேண்டும்.

1565-ல் ஸ்பெயின் செபுவில் காலூன்றியது. ஆண்டுக்கு 8 ரியாலாக இருந்த திறை 1589-ல் 10 ஆனது. பணத்தைவிட உடம்பால் கட்டிய வரிதான் கொடிது. 16 முதல் 60 வயது வரை ஆண்கள் ஆண்டுக்கு 40 நாள் அரசுக்கு உழைக்க வேண்டும். காட்டில் மரம் வெட்டி, கரைக்கு இழுத்து வந்து, கப்பல் கட்ட வேண்டும். வசதியுள்ளவர்கள் பணம் கட்டித் தப்பினார்கள். தப்ப முடியாதவனுக்கு 44 ஆண்டில் 1,760 நாள். ஆயுளில் ஏறக்குறைய ஐந்து வருடம். அப்படிக் கட்டிய கப்பல்கள் 1815 வரை, 250 ஆண்டுகள், மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் ஓடின. ஒரு பயணத்தில் 5 லட்சம் பெசோ வரை வெள்ளி கொண்டுவரலாம் என்று 1593-ல் விதி செய்தார்கள். மரம் இழுத்தவனுக்கோ பேசிய கூலிகூடப் பல நேரம் கைக்கு வரவில்லை. 40 நாள் 15 ஆகக் குறைந்தது 1884-ல். திறைக்குப் பதில் செதுலா வந்ததும் அதே ஆண்டில்தான்.

வரிக்காகப் பெயரையும் மாற்றினார்கள். டி லா குரூஸ், டி லோஸ் சாந்தோஸ் என்று ஊருக்கு ஊர் ஒரே பெயராக இருந்ததால் வசூல் குழம்பியது. 1849 நவம்பரில் ஆளுநர் நர்சிசோ கிளவேரியா ஒரு பெயர்ப் பட்டியலை மாகாணங்களுக்கு அனுப்பினார். அகரவரிசையில் அச்சிட்ட அதன் தாள்கள் ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. குடும்பத் தலைவர் வந்து தன் ஊருக்கு வந்த தாளிலிருந்து ஒரு பெயரைப் பெற்றுக்கொண்டு போக வேண்டும். அல்பாய் மாகாணத்து ஓவாஸில் இன்றும் வீட்டுக்கு வீடு 'ஆர்' எழுத்தில் தொடங்கும் குடும்பப் பெயர்கள். ஒரு தாள் ஓர் ஊரின் அடையாளமானது.

இடையில் ஒருமுறை மணிலா நகரத்துக்கே ஒரு படை விலை பேசியது. அந்தப் படை நம் கடற்கரையிலிருந்து போனது. 1762-ல் மெட்ராஸிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் படை அக்டோபரில் மணிலாவைப் பிடித்து, 40 லட்சம் வெள்ளி கேட்டது: பாதி ரொக்கம், பாதி ஸ்பெயின் கஜானாவின் மேல் உண்டியல். உண்டியலை ஸ்பெயின் மதிக்கவேயில்லை. 1764-ல் படை திரும்பியபோது சிப்பாய்கள் சிலர் மணிலாவுக்கு அருகே கைன்டாவில் தங்கிவிட்டார்கள்; அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

அடுத்த விலை பாரிஸில். 1898 ஜூன் 12-ல் பிலிப்பினோக்கள் விடுதலையை அறிவித்துவிட்டார்கள். அமெரிக்காவிடம் போரில் தோற்ற ஸ்பெயின் டிசம்பர் 10-ல் 2 கோடி டாலருக்கு அந்த நாட்டை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. பிலிப்பினோத் தூதர் பெலிப்பே அகோன்சில்யோவைப் பேச்சுவார்த்தைக்குள் விடவில்லை. 1903 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறக்குறைய 76 லட்சம். தலைக்கு 2 டாலர் 60 சென்ட்டைச் சுற்றி வருகிறது. பிறகு துறவிமடங்களின் 4 லட்சம் ஏக்கர் நிலத்தை அமெரிக்க நிர்வாகம் 70 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அதற்கான கடன் பிலிப்பைன்ஸ் அரசின் தலையில் விழுந்தது.

1899 பிப்ரவரியில் அமெரிக்கருக்கும் பிலிப்பினோக்களுக்கும் மூண்ட போரில் அமெரிக்கர் 4,200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிலிப்பினோப் போராளிகள் 20,000-க்கும் மேல். பொதுமக்கள் வன்முறையிலும் பஞ்சத்திலும் நோயிலும் 2 லட்சம் வரை. இந்த எண்களைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு அடைக்கிறது. வரி வாங்கும்போது ஆளாளுக்குப் பெயர் கொடுத்து எண்ணினார்கள். சாகும்போது பூஜ்யங்களில் முடித்துவிட்டார்கள்.

சமார் தீவின் பலாங்கிகாவில் 1901 செப்டம்பர் 28 அன்று ஊர்க்காரர்கள் தாக்கியதில் மாண்ட அமெரிக்க வீரர்கள் 48 பேர். அதற்குப் பழிவாங்க ஜெனரல் ஜேக்கப் ஸ்மித் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொல்லச் சொன்னார். இராணுவ நீதிமன்றம் அவரைக் கண்டித்தது, சிறைக்கு அனுப்பவில்லை. அந்தப் பழிவாங்கலில் செத்த சமார் மக்கள் 2,500 என்போரும் உண்டு, 50,000 என்போரும் உண்டு. ஊர்க் கோயிலின் மணிகள் மூன்றையும் வெற்றிச்சின்னமாகக் கொண்டுபோனார்கள். இரண்டு வயோமிங்கில், ஒன்று தென் கொரியாவில் உள்ள அமெரிக்க முகாமில் இருந்தன. 117 ஆண்டுகளுக்குப் பிறகு, 2018 டிசம்பரில் மூன்றும் பலாங்கிகாவுக்குத் திரும்பின.