டூப்ளிகேட் மருந்தா, டூப்ளிகேட் மரபணுவா?

தொண்ணூறுகளின் நடுவில் நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். என் சித்தப்பா கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் மூன்று ஏக்கர் பருத்தி போட்டிருந்தார். அந்த வருஷம் பச்சைக் காய்ப்புழு விழுந்தது. வழக்கமாக அடிக்கிற மருந்தையே அடித்தார். புழு சாகவில்லை. டேங்குக்கு இரண்டு மூடி ஊற்றுவதை மூன்று மூடியாக்கினார். அப்பவும் சாகலை. அவருக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது: கடைக்காரன் டூப்ளிகேட் மருந்தைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான்.

அந்தக் கடைக்காரர் அவரோடு எட்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். கடை வாசலில் நடந்த சண்டையில் நானும் காலி பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை.

நான் உயிரியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாகக் கோட் எழுதிப் பிழைக்கிறவன். பூச்சிகளின் மரபணுவைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்ததே அந்தக் காலி பாட்டிலால்தான். போலி மருந்து விற்பதும் நடக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு வேறொன்று தோன்ற ஆரம்பித்தது. டூப்ளிகேட் இருந்திருக்கலாம், ஆனால் பாட்டிலுக்குள் இல்லை, புழுவுக்குள்.

புழு பழகிக்கொள்கிறதா?

"புழு மருந்துக்குப் பழகிப்போச்சு" என்று ஊரில் சொல்வார்கள். குடிக்கிறவருக்கு நாளாக ஆக ஒரு குவார்ட்டர் பத்தாமல் போகிற மாதிரி ஒரு படம் மனசில் வரும். நடப்பது அது இல்லை. ஒரு புழு தன் வாழ்நாளில் அப்படிப் பழகித் தேறுவது இங்கே பெரிய விஷயமே இல்லை. லட்சக்கணக்கான புழுக்களில் ஒன்றிரண்டு, மருந்தைத் தாங்கும் மரபணுவோடு ஏற்கெனவே பிறந்திருக்கும். மருந்து மற்றதையெல்லாம் கொன்றுவிட்டு, முழுக் காட்டையும் அந்த ஒன்றிரண்டுக்கு எழுதிக்கொடுத்துவிடுகிறது.

இது டிடிடி காலத்துக்குப் பிறகு வந்த பிரச்சினை என்று நினைத்திருந்தேன். இல்லை. 1914-லேயே மெலாண்டர் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர், தெளிக்கும் மருந்தைப் பூச்சிகள் எதிர்க்கத் தொடங்குமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதியிருக்கிறார். வாஷிங்டன் மாநிலப் பழத்தோட்டங்களில் செதில் பூச்சிகள் சுண்ணாம்பு–கந்தகக் கலவைக்குச் சாகாமல் இருந்ததை அவர் கவனித்திருந்தார்.

சரி, இது எவ்வளவு வேகமாக நடக்கும்? எக்செல்லில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். எண்கள் என் கற்பனைதான். பத்தாயிரம் புழுவில் ஒன்றிடம் அந்த மரபணு இருக்கிறது. அதை மருந்து தொடவே தொடாது. மற்ற புழுக்களில் 95 சதவீதம் சாகும். தலைமுறைக்கு ஒரு முறை அதே மருந்து. கலப்பில் வரும் சிக்கல்களை விட்டுவிட்டு, பிள்ளை பெற்றோர் மாதிரியே இருக்கும் என்று எளிமையாக வைத்துக்கொள்வோம்.

முதல் தலைமுறையில் 95 சதவீதம் சாகிறது. இரண்டாவதில் மறுபடி 95. மூன்றாவதில் 91. நான்காவதில் 53. ஐந்தாவதில் வெறும் 6.

இந்த வரிசையை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தலைமுறை வரைக்கும் காட்டில் நின்று பார்க்கிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நான்காவதில் மருந்து 'திடீரென்று' வேலை செய்யாது. போன தடவை செத்தது, இந்தத் தடவை சாகவில்லை, நடுவில் மாறியது பாட்டில் மட்டும்தான் என்றால், யார்தான் கடைக்காரரைச் சந்தேகப்பட மாட்டார்கள்?

புழுவின் சமையலறை

மருந்திலிருந்து தப்பிக்கப் பூச்சிக்கு இரண்டு முக்கியமான வழிகள் உண்டு. ஒன்று, பூட்டை மாற்றிவிடுவது. சைபர்மெத்ரின், ஃபென்வலரேட் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் நரம்பில் இருக்கும் சோடியம் வாசலில் போய் உட்கார்ந்து, அதை மூடவிடாமல் செய்கின்றன. அந்த வாசலைக் கட்டும் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் மருந்துக்குச் சரியாக உட்கார இடம் கிடைக்காமல் போகலாம்.

இரண்டாவது வழி, மருந்து நரம்புக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே அதை உடைத்துச் செரித்துவிடுவது. இந்த வேலையைச் செய்வதில் முக்கியமானது பி450 என்ற நொதிக் குடும்பம். விஷ மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவைக் கொண்டுபோய்ச் சொருகும். அதோடு அதன் குணம் மாறும், வெளியேற்றுவதும் சுலபமாகும். நம் ஈரலிலும் இதே குடும்பம்தான் காபியில் இருக்கும் காஃபீனை உடைக்கிறது. மனிதனுக்கு 57 பி450 மரபணுக்கள். பச்சைக் காய்ப்புழுவுக்கு நூற்றுக்கும் மேல்!

ஏன் இவ்வளவு? அது சாப்பிடுகிற பட்டியலைப் பாருங்கள்: பருத்தி, தக்காளி, துவரை, கொண்டைக்கடலை, மக்காச்சோளம். எந்தச் செடியும் சும்மா நின்று தின்னக் கொடுப்பதில்லை; ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு விஷம் வைத்திருக்கிறது. பருத்தியின் விஷம் காசிப்பால். சீன ஆய்வாளர்கள் காய்ப்புழுவுக்குக் காசிப்பாலை உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். பல பி450 மரபணுக்கள் விழித்துக்கொண்டன, டெல்டாமெத்ரின் மருந்தைத் தாங்கும் சக்தியும் கூடியது. ஆக, கம்பெனிக்காரன் மருந்து கண்டுபிடிப்பதற்குப் பல லட்சம் வருஷங்களுக்கு முன்பே செடிகள் இந்தப் பூச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்து முடித்துவிட்டன. நாம் வைக்கிறது புதுக் கேள்வித்தாள்தான், பாடம் பழசு.

காப்பி, பேஸ்ட்

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற கோடில் கை வைக்காதே, ஒரு காப்பி எடுத்து அதில் விளையாடு. மரபணுக்களும் இதையே செய்கின்றன, யாரும் திட்டம் போடாமலே. செல் பிரியும்போது எப்போதாவது பிழை வந்து ஒரு மரபணு இரட்டையாகிவிடும். பழைய வேலையை ஒன்று பார்த்துக்கொள்ளும். இன்னொன்று எப்படி வேண்டுமானாலும் மாறலாம்.

மாறாவிட்டாலும் காப்பிக்கே ஒரு பலம் உண்டு. பீச் அசுவினி என்ற பூச்சியை இங்கிலாந்தில் ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் டெவன்ஷயர், சாவிக்கி என்ற இருவர் ஆராய்ந்தார்கள். மருந்துக்கு அசையாத அசுவினிகளில் இருந்தது புது நொதி இல்லை, பழைய எஸ்டரேஸ் நொதிதான். ஆனால் அளவு பல மடங்கு. மரபணு இரட்டிப்பதுதான் காரணம் என்று 1979-இல் எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் சில அசுவினிகளிடம் அந்த ஒரே மரபணுவின் 80 காப்பிகள் வரை இருப்பது தெரிந்தது. அந்த நொதி மருந்தை வேகமாக உடைக்கக்கூட வேண்டியதில்லை. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுகிற மாதிரி பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

காய்ப்புழு செய்தது இதைவிட விசித்திரம். ஆஸ்திரேலியாவின் டூவூம்பா பகுதியிலிருந்து வந்த, ஃபென்வலரேட்டுக்குச் சாகாத ஒரு வம்சத்தை ஜெர்மனியின் யேனா நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஆராய்ந்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரணப் புழுவில் இரண்டு பி450 மரபணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி, ஒரே மரபணுவிலிருந்து காப்பியாகி வந்தவை. டி.என்.ஏ. இழைகள் வரிசை தப்பிச் சேர்ந்ததில், தம்பியின் முன்பாதியும் அண்ணனின் பின்பாதியும் ஒட்டி ஒரு புது மரபணு பிறந்துவிட்டது. அதன் பெயர் சிஒய்பி337பி3. அண்ணனாலும் தம்பியாலும் ஃபென்வலரேட்டை உடைக்க முடியாது. இந்த ஒட்டு மரபணுவால் முடியும்! ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து, புழுவை ஒன்றும் செய்யாத பொருளாக்கிவிடுகிறது. தாங்கும் சக்தி 42 மடங்கு.

42 மடங்கு என்றால் என்ன அர்த்தம் என்று சித்தப்பாவின் டேங்கை வைத்துப் பாருங்கள். இரண்டு மூடி ஊற்றின இடத்தில் 84 மூடி ஊற்ற வேண்டும். அவர் ஊற்றியது மூன்று.

இந்த விபத்து ஒரு தடவை மட்டும் நடக்கவில்லை. பல நாட்டுப் புழுக்களைப் பிறகு ஒப்பிட்டுப் பார்த்ததில், இதே ஒட்டு வெவ்வேறு இடங்களில் தனித்தனியாகவே உருவாகியிருப்பது தெரிந்தது. 2013-இல் பிரேசிலில் இந்தப் புழு இருப்பது உறுதியானது. அங்கே உள்ளூரில் இருந்த அதன் ஒன்றுவிட்ட உறவு இனத்தோடு கலந்து, இந்த மரபணுவை அதற்கும் கொடுத்துவிட்டது. ஓப்பன் சோர்ஸ் மாதிரி, ஒருத்தர் எழுதிய கோட் அடுத்த வீட்டிலும் ஓடுகிறது.

அப்போ என்ன செய்வது?

சித்தப்பா காட்டுப் புழுவுக்குள் ஒட்டு மரபணு இருந்ததா, பூட்டு மாறியிருந்ததா, இல்லை பாட்டிலில் இருந்தது வெறும் தண்ணியா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கே சோதித்திருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும். பைப்பரோனைல் பியூட்டாக்சைடு என்று ஒரு பொருள் இருக்கிறது, பி450-இன் கையைக் கட்டிப்போடும். அதைச் சேர்த்துக் கொடுத்ததும் அதே மருந்துக்குப் புழு செத்தால், குற்றவாளி பெரும்பாலும் செரிக்கும் நொதிதான். சுத்தமான டீபக்கிங்.

காட்டில் செய்யக்கூடியது, பாட்டிலின் பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அதன் குடும்பத்தைப் பார்ப்பது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃபென்வலரேட் மூன்றும் வேறு வேறு லேபிள், வேறு வேறு படம். புழுவின் நரம்பில் போய் உட்காரும் இடம் ஒன்றுதான். ஒன்று வேலை செய்யவில்லை என்று இன்னொன்றுக்கு மாறுவது, பாஸ்வேர்ட் திருடியவனிடமிருந்து தப்பிக்க ஸ்கிரீன் கலரை மாற்றுகிற மாதிரி. அடுத்த தலைமுறைப் புழுவுக்கு வேறு குடும்பத்து மருந்து வேண்டும். சேதம் கட்டுக்குள் இருந்தால் அடிக்காமலே விடுவதும் ஒரு மருந்துதான். மருந்து படாத செடிகளில் பிழைக்கிற சாதாரணப் புழுக்கள் அந்துப்பூச்சியாகி மற்றதோடு கலந்தால், கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்பும். எதிர்ப்பு பல சமயம் இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதும் உதவும். நான் சொன்ன அசுவினியில் எதிர்ப்பு அதிகமுள்ளவை குளிர்காலத்தை அவ்வளவாகத் தாங்குவதில்லை. எதிரி வந்த எச்சரிக்கை வாசனைக்கும் மெதுவாகத்தான் அசைகின்றன.

என்னை உறுத்துவது வேறொரு தேதி. ஆந்திராவின் பருத்திக் காடுகளில் காய்ப்புழு பைரித்ராய்டுகளுக்குச் சாகவில்லை என்பது 1987-லேயே வெளிப்பட்டுவிட்டது. விஞ்ஞானிகள் அடுத்த ஓரிரு வருஷத்தில் அதை எழுதியும் விட்டார்கள். கடை வாசலில் சண்டை நடந்தபோது அந்தச் செய்திக்கு ஏழெட்டு வயசு. சித்தப்பாவுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். பருத்தியை விட்டு ரொம்ப நாளாகிறது, இப்போது மக்காச்சோளம். 2018-இல் இந்தியாவுக்கு வந்த படைப்புழு அதிலும் விழுகிறது. முழுசும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ஏய்யா, அப்ப அவன் நல்ல மருந்துதான் குடுத்திருக்கானோ?"

"இருக்கலாம் சித்தப்பா. உறுதியாச் சொல்ல முடியாது."

கடைக்காரர் இறந்து மூன்று வருஷமாகிறது. கடையை இப்போது அவர் மகன் நடத்துகிறார். நான் கிளம்பும்போது சித்தப்பா வாசல் வரை வந்தார். "டவுன் வழியாத்தான போறே? அவன் மகன் கடையில இந்தப் படைப்புழுவுக்கு என்ன வச்சிருக்கான்னு பாத்து எனக்கு போன் போடு. மேல பெருசா போட்டிருக்கிற பேரு வேண்டாம். கீழ பொடி எழுத்துல இருக்குமே, அதச் சொல்லு."