மாட்டுக்குப் போட்ட ஊசி

குளிர்கால மாலைகளில் ரோம் நகரத்து வானத்தில் ஸ்டார்லிங் பறவைகள் ஆயிரக்கணக்கில் திரண்டு சுழலும். நம் மைனாவுக்குச் சொந்தக்காரப் பறவைகள் இவை. கூட்டம் நீளும், சுருங்கும், சட்டென ஒரே வீச்சில் திரும்பும். யார் சொல்லித் திரும்புகின்றன? இத்தாலிய இயற்பியலாளர் ஜியோர்ஜியோ பாரிசி பங்கேற்ற குழு, பல கேமராக்களில் ஒரே நொடியில் படமெடுத்து ஒவ்வொரு பறவையின் இடத்தையும் கணக்கிட்டது. 2008-ல் வெளியான விடை எளிமையானது. ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றியுள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே கவனிக்கிறது. தலைமைப் பறவை இல்லாமலேயே மொத்தக் கூட்டமும் ஒன்றாகத் திரும்ப அது போதும்.

இப்படிப் பல பகுதிகள் ஒன்றையொன்று பாதித்து இயங்கும் சிக்கலான அமைப்புகளைப் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-ன் இயற்பியல் நோபல் பரிசு மூவருக்கு வழங்கப்பட்டது. பாரிசி அவர்களில் ஒருவர். மற்ற இருவரும் பருவநிலையைக் கணித்தவர்கள்.

'சிக்கல்தன்மை' என்பதற்கு முதலில் தெளிவான எல்லை வகுத்தவர்களில் ஒருவர் அமெரிக்க அறிஞர் வாரன் வீவர். ஓரிரு காரணிகள் மட்டுமே உள்ள கேள்விகளைச் சமன்பாடு தீர்த்துவிடும்; கோடானுகோடி வாயு மூலக்கூறுகளைச் சராசரிக் கணக்கு சமாளித்துவிடும்; இரண்டுக்கும் நடுவே, ஒன்றையொன்று பாதிக்கும் பல பகுதிகள் கொண்டவைதான் அறிவியலுக்குக் கடினமானவை என்று 1948-ல் அவர் எழுதினார். உடல், நகரம், சந்தை, காடு எல்லாம் இந்த நடு இடத்தில்தான் இருக்கின்றன. பாகங்கள் நிறைய இருந்தால் மட்டும் போதாது. விமான எஞ்சினைக் கழற்றி மாட்டினால் பழையபடி ஓடும். காட்டைக் கழற்றி மாட்ட முடியாது.

கணினித் துறையினர் அளக்கும் சிக்கல்தன்மை வேறு. கணக்கு பெரிதாகப் பெரிதாக வேலை எவ்வளவு கூடுகிறது என்பதே அவர்கள் கேள்வி. 10 ஊர்களைச் சுற்றிவர 36,28,800 வரிசைகள் உண்டு. 20 ஊர்கள் என்றால் சுமார் 24 லட்சத்தை லட்சம் கோடியால் பெருக்க வேண்டும்! ஒரு எண் பகா எண்ணா என்பதை இப்படி வெடித்துப் பெருகாத வழியில் எப்போதும் உறுதியாகச் சொல்லலாம் என்று 2002-ல் நிரூபித்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. இந்திய அறிவியல் பெருமைப்பட வேண்டிய சாதனை அது.

ஆனால் வீவர் சொன்ன சிக்கல்தன்மையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டு மாடுகளும் பாறு கழுகுகளுமே சாட்சி. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் டைக்ளோஃபெனாக் ஊசி நல்ல மருந்து, விலையும் மலிவு. ஊசி போட்ட சில நாட்களில் மாடு இறந்து, அதன் இறைச்சியைப் பாறு தின்றால் பாறுவின் சிறுநீரகம் செயலிழக்கும். இறந்த பறவையை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகள் மீது யூரிக் அமிலம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் ஆராய்ந்து 2004-ல்தான் காரணத்தைக் கண்டுபிடித்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது: 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோனது.

இவ்வளவு பெரிய அழிவுக்கு, 100 சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரே சடலத்தில் பல பாறுகள் கூடித் தின்னும் என்பதே காரணம். மருந்தை மாட்டிடம் மட்டும் சோதித்தவர்களுக்கு இந்தப் பந்தி கண்ணில் படவில்லை. பாறுகள் குறைய, சடலங்கள் நாய்களுக்குத் தீனியாயின. நாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி அபாயமும் கூடியது. மும்பையில் இறந்தோரைப் பறவைகளுக்கு ஒப்படைக்கும் பார்சி மக்களின் சடங்கும் தடுமாறியது.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தருவது 2006-ல் தடை செய்யப்பட்டது. பாறுகளுக்கு அதேபோல் ஆபத்தான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகிய மருந்துகளின் தடைக்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் மாயாறு பள்ளத்தாக்குப் பகுதியில் பாறுகள் இன்னும் கூடு கட்டுகின்றன. மாடு வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் இவற்றுக்குப் பதிலாக மெலாக்சிகாம் என்ற மருந்தைக் கேளுங்கள்; பாறுகளுக்கு அது பாதுகாப்பானது.