தேரை நிறுத்துவது எது?

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாட வீதிகளைச் சுற்றி வருகின்றன. அண்ணாமலையாரின் பெரிய தேரில் வடம் பிடித்தவர்கள் சற்றே கை தளர்ந்தாலும் தேர் நின்றுவிடும். இழுக்கும் வரைதான் எந்தப் பொருளும் ஓடும் என்ற எண்ணம் இதைப் பார்க்கும் எவருக்கும் வரும். அரிஸ்டாட்டிலும் ஏறத்தாழ அப்படித்தான் கருதினார். ஆனால் சக்கரத்தை ஒட்டி முட்டுக்கட்டையோடு நடப்பவர்களைக் கவனியுங்கள். தேர் கிளம்ப வேண்டுமே என்பது வடம் பிடிப்பவர்களின் கவலை. கிளம்பிய தேர் நிற்க வேண்டுமே என்பது இவர்களின் கவலை. ஓடும் பொருள் தானாக நின்றுவிடும் என்பது உண்மையானால் முட்டுக்கட்டைக்கே வேலை இருக்காது.

அப்படியானால் வடத்தை விட்டதும் தேர் ஏன் நிற்கிறது? அச்சும் சக்கரமும் உரசுகின்றன. அத்தனை பாரத்தையும் தாங்கும் சக்கரத்தின் அடியில் சாலை சற்று நசுங்கிக்கொடுக்கிறது. இந்த எதிர்ப்புதான் தேரை நிறுத்துகிறது. சீராக ஓடும் தேரை மக்கள் இழுத்துக்கொண்டே இருப்பது இதை ஈடுகட்டத்தான். எதிர்ப்பே இல்லாத இடத்தில் அதே வேகத்தில், அதே திசையில் தேர் போய்க்கொண்டே இருக்கும். திசையும் இதில் சேர்த்திதான். தேரடி வீதி முடிந்து திருவூடல் தெருவுக்குத் திரும்பும் முனையில் தேர் நேராகவே போகப் பார்க்கும். ஒரு பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துத்தான் அதைத் திருப்ப வேண்டும். வேகம் மாறவும் திசை மாறவும் விசை வேண்டும், ஓட்டம் தொடர விசை வேண்டியதில்லை என்பதை நியூட்டன் 1687-இல் விதியாகவே எழுதிவைத்தார்.

எதிர்ப்பு இல்லாத இடம் வெறும் கற்பனை என்று சொல்லலாம். ஆனால் விண்வெளி கிட்டத்தட்ட அப்படிப்பட்ட இடமே. 2023 ஆகஸ்ட் 1 அன்று எஞ்சினை இயக்கி நிலவை நோக்கித் திருப்பிவிடப்பட்ட சந்திரயான்-3, 5-ஆம் தேதி நிலவை எட்டியது. இடைப்பட்ட நேரத்தில் பெரும்பகுதி எஞ்சின் அணைந்தே இருந்தது. வழியில் அதன் வேகம் குறையவில்லையா என்றால், குறைந்தது. பூமியின் ஈர்ப்பு பின்னுக்கு இழுத்ததுதான் காரணம், ஓட்டம் தானாகத் தீர்ந்துபோகவில்லை. விண்வெளியில் எடை தெரியாததால் எதையும் விரலால் தள்ளி நிறுத்திவிடலாம் என்பதும் தவறு. எடை தெரியாமல் போனாலும் நிறை அப்படியே இருக்கிறது, அதனால் நிறுத்தவும் விசை வேண்டும். விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தப் பயணத்தில், ஆகஸ்ட் 23 அன்று சந்திரயானின் விக்ரம் லேண்டர் வினாடிக்கு ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் வேகத்தில் வந்தது. நிலவில் பாராசூட் விரிக்கக் காற்று கிடையாது. அந்த வேகத்தைக் கரைத்துத் தரை தொடச் சுமார் 19 நிமிடம் எஞ்சின் எரிய வேண்டியிருந்தது.